ஏழு-ரெண்டிடம் தோற்கும் ஆஸ் ஜோடி: பாடியிலிருந்து பனாஜி வரை

போக்கர் ஆட்டத்தில் முதலில் கைக்கு வரும் இரண்டு சீட்டுகளில் ஆஸ் ஜோடிக்கு மேல் எதுவும் கிடையாது. 52 சீட்டிலிருந்து இரண்டு எடுத்தால் 1,326 விதமாக எடுக்கலாம். அவற்றில் ஆறு மட்டுமே ஆஸ் ஜோடி. ஆக, சராசரியாக 221 ஆட்டத்துக்கு ஒருமுறை வரும் கை அது. அப்படி வந்த கையை, ஏழும் ரெண்டும் வைத்துக்கொண்டு 'பார்த்துக்கலாம்' என்று இறங்கிய ஒருவரிடம் பறிகொடுப்பதுதான் போக்கர்காரர்கள் அதிகம் புலம்பும் விஷயம். அந்தப் புலம்பலில் ஓரளவு நியாயம் உண்டு. மீதி, கணக்குப் போட்டுப் பார்க்காததால் வருவது.

சென்னையின் மேற்கில் உள்ள பாடியிலிருந்து புறப்பட்டு, கேசினோ மேசையில் உட்கார்ந்து பணம் வைத்துப் போக்கர் ஆட நினைப்பவர் கோவா வரை போக வேண்டியிருக்கிறது. வழியில் ஆட்டமும் மாறுகிறது, சட்டமும் மாறுகிறது.

பாடி பழைய ஊர். திருஞானசம்பந்தர் பாடிய திருவலிதாயம் இங்கேதான் இருக்கிறது. பரத்வாஜ முனிவர் வலியன் என்னும் குருவி வடிவில் வழிபட்டதாகத் தலபுராணம் சொல்கிறது. குருபகவான் சன்னிதி பெயர் பெற்றது என்பதால் குருப்பெயர்ச்சி அன்று கோயிலைச் சுற்றி நடக்கவே இடம் இருக்காது. அடுத்த அடையாளம் தொழிற்சாலைகள். லூகாஸ் டிவிஎஸ், சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸ், வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா என்று 1960-களிலிருந்து வண்டி உதிரிப்பாகம் செய்யும் ஊராகவே பாடியை வெளியூர்க்காரர்கள் அறிவார்கள். எம்டிஎச் சாலையும் நூறடிச் சாலையும் சந்திக்கும் இடத்தில் உள்ள மேம்பாலம் மூன்றாவது அடையாளம். அம்பத்தூர் நகராட்சியோடு சேர்ந்து 2011-ல் ஊர் சென்னை மாநகராட்சிக்குள் வந்துவிட்டது.

இந்தப் பக்கத்தில் சீட்டு ஆடும் இடங்கள் தமிழ்நாட்டின் மற்ற ஊர்களைப் போலத்தான்: கல்யாண மண்டபத்து மாடி அறை, சாவு வீட்டுப் பந்தல், தீபாவளி இரவின் மொட்டை மாடி. ஆடுவது ரம்மி, அல்லது மூணு சீட்டு. கொஞ்சம் வசதி உள்ளவர்களுக்கு 'மனமகிழ் மன்றம்' என்று பெயர்ப்பலகை மாட்டிய கிளப்புகள் உண்டு. அங்கே மனம் மகிழ்கிறதா என்பது அன்றைய கையைப் பொறுத்தது. போக்கர் இந்த வட்டாரத்துக்கு வந்தது செல்போன் வழியாகத்தான். ஷிஃப்ட் முடிந்து வந்து, தலையணைக்குப் பக்கத்தில் போனை வைத்து, முகம் தெரியாத எட்டுப் பேரோடு ஆடிய ஒரு தலைமுறை உண்டு.

அந்த ஆட்டத்தைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு பலமுறை முயன்றது. 2021-ல் கொண்டுவந்த திருத்தச் சட்டத்தை அதே ஆண்டு ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நீதிபதி கே. சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2022-ல் புதிய மசோதா வந்தது. ஆளுநர் திருப்பி அனுப்பினார். சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றியது. 2023 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அந்த நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்தியது. ஆனால் ரம்மியையும் போக்கரையும் 'அதிர்ஷ்ட விளையாட்டு' என்று சேர்த்த பட்டியலை ஏற்கவில்லை. 2025-ல் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆடக்கூடாது என்று விதி வந்தது. சில மாதத்தில் அதற்கும் வேலை இல்லாமல் போயிற்று. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற பேச்சையே விட்டுவிட்டு, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டு அனைத்தையும் தடை செய்தது. தண்டனை ஆட்டத்தை நடத்துபவர்களுக்குத்தான், ஆடுபவர்களுக்கு இல்லை. போனில் ஆட இடமில்லை என்றானபின் மிஞ்சியது ரயில்.

பாடிக்குக் கிட்டத்து ஸ்டேஷன் கொரட்டூர். வாஸ்கோ டகாமாவுக்கு வாரம் ஒருமுறை செல்லும் ரயில் சென்ட்ரலில் புறப்பட்டு, வில்லிவாக்கம், கொரட்டூர் வழியாகவே மேற்கே போகிறது. ஆனால் அங்கெல்லாம் நிற்காது. பாடிக்காரர் மின்சார ரயில் பிடித்துக் கிழக்கே சென்ட்ரல் வரை போய், ஏறி உட்கார்ந்து, சற்று நேரத்தில் தன் ஊரையே ஜன்னல் வழியாகக் கடக்க வேண்டும். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியதும் ஆவடி, அரக்கோணம் வழியாக இதே திசையில்தான்.

ஆவடி தாண்டியதும் பெட்டியில் எங்காவது துண்டு விரித்துச் சீட்டுக் கட்டு வெளியே வரும். ரயிலில் சூதாடுவது குற்றம் என்பதால் காசு இல்லாமல் ஆடுவார்கள், அல்லது காசு கண்ணில் படாமல் ஆடுவார்கள். மூணு சீட்டின் விதி ஒன்றை இங்கே கவனிக்க வேண்டும். சீட்டைப் பார்க்காமல் 'பிளைண்ட்' ஆடுபவர் போடும் தொகையைப் போல இரண்டு பங்கு போட்டால்தான் சீட்டைப் பார்த்தவர் ஆட்டத்தில் நிற்க முடியும். கண்ணை மூடிக்கொண்டு ஆடுவதற்குப் பாதி விலைச் சலுகை. முரட்டு ஆட்டம் இங்கே விதிமீறல் இல்லை. விதியே அதைத்தான் விரும்புகிறது.

மூன்று சீட்டு 22,100 விதமாக அமையலாம். அவற்றில் நூற்றுக்கு 74-ல் ஜோடிகூட இருக்காது. அதனால் ஒரு ஜோடி கிடைத்தாலே பெரிய கைதான். ஒரே ஆள் எதிரே இருந்தால் நடுத்தர ஜோடி நூற்றுக்கு 83 முறை ஜெயிக்கும். நான்கு பேர் பிளைண்டாக நின்றால்? அவர்களில் யாராவது ஒருவரிடம் அதைவிடப் பெரியது இருக்கும் வாய்ப்பு பாதியைத் தாண்டிவிடுகிறது. தனித்தனியாக நால்வரும் மோசமான ஆட்டக்காரர்கள். சேர்ந்து நின்றால் ஜோடிக்காரரைவிட ஒரு படி மேல். போக்கரில் நடப்பதன் சுருக்கம் இதுதான்.

அரக்கோணம், காட்பாடி என்று போகும் இந்தப் பகுதி திரௌபதி அம்மன் கோயில்களும் தெருக்கூத்தும் நிறைந்தது. சூதாட்டமும் துகிலுரிதலும் விடிய விடிய நடக்கும். அந்தக் கதையில் தருமன் தோற்பது சகுனியிடம், அதாவது ஆட்டம் தெரிந்த தந்திரசாலியிடம். கெட்டிக்காரனிடம் தோற்பதற்கு ஒரு காவியம் இருக்கிறது. தோற்றவனுக்குக் கொஞ்சம் கௌரவமும் மிஞ்சுகிறது. ஆட்டமே தெரியாத ஒருவனிடம் தோற்பதற்கு அப்படி ஒரு கதை கிடையாது. ஆஸ் ஜோடியைப் பறிகொடுத்தவரின் எரிச்சலில் பெரும்பங்கு அங்கிருந்து வருகிறது என்று எண்ண இடமுண்டு.

ஜோலார்பேட்டை கடந்து கர்நாடகத்துக்குள் ரயில் நுழையும்போது சட்டத்தின் முகமும் மாறுகிறது. செகந்திராபாத்தில் ஒரு கிளப்பில் நடந்த ரம்மி தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1967 நவம்பரில் தந்த தீர்ப்புதான் இந்தப் பேச்சுக்கெல்லாம் அடிப்படை. விழுந்த சீட்டை நினைவில் வைத்து ஆட வேண்டியிருப்பதால் ரம்மியில் திறமைக்கே முதலிடம். மூணு சீட்டு, பிராக் போன்றவை வெறும் அதிர்ஷ்டம் என்றது அது. போக்கர் எந்தப் பக்கம்? கர்நாடக உயர் நீதிமன்றம் 2013-ல் திறமையின் பக்கம் நின்றதால் பெங்களூருவில் கிளப்புகள் எழுந்தன. குஜராத் உயர் நீதிமன்றம் 2017-ல் அதையே அதிர்ஷ்டம் என்றது. மேற்கு வங்கத்தின் 1957-ஆம் ஆண்டுச் சட்டம் பிரிட்ஜ், ரம்மியோடு போக்கரையும் சூதாட்ட வரையறைக்கு வெளியே வைத்திருக்கிறது. ஒரே ஆட்டம் மாநில எல்லைக்கு எல்லை வேறாகிறது. ஆஸ் ஜோடி வைத்திருப்பவர் திறமை என்பார்; ஏழு-ரெண்டில் ஜெயித்தவரைக் கேட்டால் அவரும் திறமை என்றுதான் சொல்வார்.

ஹூப்ளி வரை பெரும்பாலும் தூக்கம். லோண்டாவுக்குப் பிறகு விழித்திருப்பது நல்லது. கேஸில் ராக்கிலிருந்து குலேம் வரை மலைத்தொடரை ரயில் இறங்கும் பாதையில் 37 அடிக்கு ஓர் அடி சரிவு. கூடுதல் எஞ்சின் கோர்த்து, குகை மாற்றிக் குகை நுழைந்து, 310 மீட்டர் உயரத்திலிருந்து விழும் தூத்சாகர் அருவியை ஒட்டியபடி ரயில் ஊர்ந்து இறங்குகிறது. மழைக்காலம் என்றால் ஜன்னல் ஓரத்தில் இருப்பவர்கள் நனைவார்கள். மட்காவ் ஸ்டேஷனில் இறங்கிப் பேருந்தில் பனாஜி போய்விடலாம்.

கோவாவின் 1976-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் 1990-களில் திருத்தப்பட்டதால் நட்சத்திர ஹோட்டல்களிலும் கப்பல்களிலும் கேசினோ நடத்த முடிகிறது. மாண்டவி ஆற்றில், நகரை ஒட்டியே, அந்தக் கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கின்றன. டெல்டின் ராயல் அவற்றில் ஒன்று. கரையிலிருந்து சிறு படகில் ஏற்றிக்கொண்டு போவார்கள். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். கீழே ரூலெட், பக்காரா சத்தம். போக்கர் மேசைப் பக்கம் மட்டும் சிப்பைக் கிளறும் கிளக்-கிளக் ஒலி. தமிழ் கேட்காத இரவு அங்கே குறைவு.

டெக்சாஸ் ஹோல்டம் ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு சீட்டு ரகசியமாக வரும். நடுவில் மூன்று சீட்டு விரிப்பது ஃபிளாப். பிறகு ஒன்று, டர்ன். கடைசி ஒன்று, ரிவர். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம். ஏழில் சிறந்த ஐந்து ஜெயிக்கும். போக்கரில் பிளைண்ட் என்பது சீட்டு வரும் முன்பே போடும் கட்டாயத் தொகை; அது 100-200 உள்ள மேசையில் ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒருவரிடம் இஸ்பேட் ஆஸும் ஆட்டின் ஆஸும். 800 ரூபாய்க்கு 'ரெய்ஸ்' செய்து பந்தயத்தை உயர்த்துகிறார். கவனமான மேசையில் ஒருவரோ இருவரோ அதே தொகையைப் போட்டு 'கால்' செய்வார்கள். இங்கே நான்கு பேர் வருகிறார்கள். நடுவில் சேர்ந்த 'பாட்' தொகை 4,100 ரூபாய். ஃபிளாப்: டைமன் ராஜா, கிளாவர் ஏழு, டைமன் நாலு. ஆஸ்காரர் 2,000 போடுகிறார். இருவர் விலக, இருவர் நிற்கிறார்கள். ஒருவரிடம் டைமன் பத்தும் ஒன்பதும். இன்னொருவரிடம் இஸ்பேட் ஏழும் ரெண்டும். டர்ன் கிளாவர் மூணு, யாருக்கும் உபயோகமில்லை. ஆஸ்காரர் 4,000 போட, இருவரும் மறுபடி கால். பாட்டில் இப்போது 22,100.

மூவரின் சீட்டும் தெரிந்தால், வெளியே மிச்சம் 42 சீட்டு. டைமன் ஒன்பது மீதி. எது வந்தாலும் பத்து-ஒன்பதுக்காரர் ஐந்து டைமன் சேர்த்து ஃபிளஷ் போட்டுவிடுவார். ஏழு-ரெண்டுக்காரருக்கு உதவுபவை ஆட்டின் ஏழு, ஆட்டின் ரெண்டு, கிளாவர் ரெண்டு, ஆக மூன்றே. டைமன் ஏழோ டைமன் ரெண்டோ வந்தாலும் அது ஃபிளஷ்காரருக்குப் போய்விடும். மிச்சம் 30 சீட்டும் ஆஸ்காரருக்கு. நூற்றுக்கு 71. ரிவரில் ஆட்டின் ரெண்டு விழுகிறது. இரண்டு ஜோடி.

"ஏழு-ரெண்டு வச்சிக்கிட்டு இதுக்கெல்லாம் வருவாங்களா, ப்ரோ?"

"வந்துச்சே, ப்ரோ!"

இந்த உரையாடலுக்கு எதிரே நிற்கும் கணக்கைப் பார்க்க வேண்டும். டர்னில் ஏழு-ரெண்டுக்காரர் போட்ட 4,000 ரூபாய்க்குச் சராசரியாகத் திரும்பக் கிடைப்பது 1,580 ரூபாய்தான். ஏறத்தாழ 2,420 ரூபாயை அவர் தானம் செய்கிறார். அந்தத் தானத்தில் 1,560-க்கு மேல் ஆஸ்காரருக்குச் சேர்கிறது. அவர் விலகியிருந்தால் ஆஸ்காரரின் சராசரி பங்கு 14,220, நின்றதால் 15,785. தோற்கும் வாய்ப்பு கூடியது, லாபமும் கூடியது. முரட்டு ஆட்டக்காரரை மேசையிலிருந்து விரட்ட நினைப்பவர் தன் வருமானத்தை விரட்ட நினைக்கிறார்.

மீதி 860 ரூபாய் எங்கே போயிற்று என்பதும் கவனிக்கத்தக்கது. அது டைமன்காரருக்குப் போயிற்று. பலர் நிற்கும் பாட்டில் ஒருவர் செய்யும் தவறின் பலன் முதலிடத்தில் இருப்பவருக்கே முழுதாகச் சேர்வதில்லை. பின்னால் துரத்தி வருபவர்களும் அதில் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். சில நேரம் முழுப் பங்கும் அவர்களுக்கே போய், முதலிடக்காரருக்கு நஷ்டம்கூட வரும். இதை விளக்கும் மார்ட்டன் தேற்றம், 1990-களில் ஆண்டி மார்ட்டன் என்ற அமெரிக்க ஆட்டக்காரர் சொன்னதால் அந்தப் பெயர் பெற்றது. நல்ல கைக்காரர்களின் புலம்பலில் உள்ள நியாயமான பகுதி இதுதான்.

அந்த மேசையில் டைமன்காரரும் 'முரட்டு ஆட்டம்' என்று திட்டு வாங்கியிருப்பார். ஆனால் அவர் செய்தது சரியான ஆட்டம். 4,000 போட்டால் 18,100 கிடைக்கும், நாலரை மடங்கு. அவர் தோற்கும் வாய்ப்போ ஜெயிக்கும் வாய்ப்பைப் போல மூன்றே முக்கால் மடங்குக்கும் கீழ். வராமல் இருந்தால்தான் தவறு. பாட்டில் ஆயிரம் கிடக்கும்போது இருநூறு போட்டுவிட்டு, 'இவன் ஏன் துரத்தினான்' என்று கேட்பவர் தானே கதவைத் திறந்து வைத்திருக்கிறார். எதிராளியின் பேராசையாகத் தெரிவதில் கணிசமான பகுதி பந்தயக்காரரின் கஞ்சத்தனம்.

ஃபிளாப்புக்கு முன்பே எல்லாரும் கையிலுள்ள மொத்தத்தையும் வைத்து ஆல் இன் போகும் மேசைகளும் உண்டு. ஏதோ ஒரு சீட்டோடு வரும் ஒருவரை எதிர்த்தால் ஆஸ் ஜோடி நூற்றுக்கு 85 முறை ஜெயிக்கும். இருவர் என்றால் 73, மூவர் 64, நால்வர் 56, ஐவர் வந்தால் 49. ஒன்பது பேர் மேசையில் எட்டுப் பேரும் இறங்கினால் 35-க்குச் சற்றுக் கீழே. ஐந்து பேர் எதிரே நின்றாலே உலகின் சிறந்த கை பாதிக்கு மேல் தோற்கிறது. ஆளுக்கு 1,000 ரூபாய் என்று வைத்தால், ஒருவரை எதிர்த்தபோது சராசரி லாபம் 700; ஐவரை எதிர்த்தபோது 1,940. அடிக்கடி தோற்பவர் ஏறத்தாழ மூன்று மடங்கு சம்பாதிக்கிறார்.

எதற்கும் கால் செய்பவர்கள் கூட்டமாக வருவது அமெரிக்காவில் பெரிய அளவில் நடந்தது. டென்னசியைச் சேர்ந்த கணக்காளர் கிறிஸ் மணிமேக்கர், ஆன்லைன் தகுதிச் சுற்று வழியாக 2003-ல் லாஸ் வேகாஸ் உலகத் தொடருக்குள் வந்து, ஆட்டக்காரர் ஃபில் ஐவியின் ஃபுல் ஹவுஸை ரிவரில் விழுந்த ஒரு ஆஸால் முறியடித்து, கடைசியில் 25 லட்சம் டாலர் ஜெயித்தார். அந்த ஆண்டு 839 பேர் ஆடிய முக்கியப் போட்டிக்கு 2004-ல் 2,576 பேரும், 2006-ல் 8,773 பேரும் வந்தார்கள். வந்தவர்களில் பாதிப்பேர் எதற்கும் கால் செய்பவர்கள் என்று பழைய ஆட்டக்காரர்கள் நொந்துகொண்டார்கள். ஆனால் அந்தக் கூட்டம்தான் பரிசுத் தொகையை நிரப்பியது.

முரட்டு ஆட்டக்காரர் ஒருபோதும் ஜெயிக்காவிட்டால் அடுத்த வாரம் வரமாட்டார். சதுரங்கத்தில் கிராண்ட்மாஸ்டரோடு பணம் வைத்து யாரும் ஆடாததற்குக் காரணம் அதுவே. திருக்குறளின் 94-ஆம் அதிகாரம் சூதில் கிடைக்கும் வெற்றியை மீன் விழுங்கும் தூண்டில் முள்ளோடு ஒப்பிடுகிறது. வள்ளுவர் சூதாடியை எச்சரிக்கச் சொன்னது, மேசையின் பொருளாதாரத்துக்கும் அப்படியே பொருந்துகிறது. ஏழு-ரெண்டு அவ்வப்போது ஜெயிப்பது ஆட்டத்தின் கோளாறு இல்லை. ஆட்டம் நடப்பதற்கான செலவு.

இவ்வளவும் நீண்ட கணக்கில் சரி. பாடியிலிருந்து ஒரு வார விடுமுறையில் வந்தவரிடம் நீண்ட கணக்கு கிடையாது. சீட்டு போடுபவர் இருக்கும் மேசையில் மணிக்கு 25 முதல் 30 ஆட்டம் நடக்கும். 221 ஆட்டத்துக்கு ஒருமுறை வரும் ஆஸ் ஜோடிக்குச் சராசரியாக எட்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். இரண்டு இரவு கப்பலில் இருப்பவருக்கு அது இரண்டு மூன்று முறை வந்தால் அதிகம். ஐவரை எதிர்த்து மூன்று முறையும் தோற்கும் வாய்ப்பு நூற்றுக்கு 13. ஒருவரை மட்டும் எதிர்த்திருந்தால் ஆயிரத்துக்கு மூன்று. போனில் ஒரு வாரத்தில் ஆடிய ஆட்டங்கள் கப்பலில் பல வாரத்துக்கு ஈடு. அந்த எண்ணிக்கையில் சமனான ஏற்ற இறக்கம் இங்கே சமனாக நேரமே கிடைப்பதில்லை.

அனுபவமுள்ளவர்கள் மேசையில் வைக்கும் தொகையைப் போல இருபது முப்பது மடங்காவது தனியே ஒதுக்கி வைத்துவிட்டு ஆடுவதும் இதனால்தான். இரண்டு மடங்கோடு வந்தவர் முதல் ஆஸ் ஜோடி போனதும் சூடாகிறார். அடுத்த கையில் ராணி-நாலுக்கு ஆல் இன் போகிறார். அந்த நிமிடத்திலிருந்து மேசையின் முரட்டு ஆட்டக்காரர் அவர்தான். எதிரே அமைதியாக ஆஸ் ஜோடியைப் பிடித்திருப்பவருக்கு, எதற்கும் வரும் இன்னோர் ஆள் கிடைத்துவிடுகிறார்.

யார் ஜெயித்தாலும் ஒவ்வொரு பாட்டிலிருந்தும் 'ரேக்' என்று ஒரு சிறு பங்கைக் கப்பல் எடுத்துக்கொள்கிறது. நான்கு பேர் கால் செய்து பாட் பெருக்கும் மேசையில் அந்தப் பங்கும், உச்சவரம்பு எட்டும் வரை, பெருக்கிறது. ஆஸ்காரரும் ஏழு-ரெண்டுக்காரரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டிருக்கையில் டீலர் அதை மேசையின் பிளவுக்குள் தள்ளிவிட்டு அடுத்த கட்டைக் கலைக்கிறார்.